நின்றுபோன லாரிக்குக் கை கொடுப்பது எப்படி? புதிதாக ஸ்டியரிங் பிடிப்பவர்களுக்கு

நான் லாரி ஓட்ட ஆரம்பித்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. இரவு நேரம். ரோட்டோரத்தில் ஒரு வண்டி கேபினைச் சாய்த்துவிட்டு நின்றது. உதவி செய்கிற ஆர்வத்தில் அதன் பின்னால் நாலடி இடைவெளியில் என் வண்டியைச் சொருகி நிறுத்திவிட்டு, டார்ச்சைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஹசார்டு விளக்கைக்கூடப் போடவில்லை. அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்து முதலில் கேட்டது இதுதான்: "தம்பி, உன் வண்டிய எவனாவது பின்னால இடிச்சா, அது எங்க வந்து நிக்கும்?"

அவர் படுத்திருந்த இடத்தில்தான் வந்து நிற்கும். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"முதல்ல வண்டிய எடுத்துத் தள்ளி முன்னால போடு. அப்புறம் வா, பேசலாம்."

அன்று அவர் சொன்னதைத்தான் இன்று நான் புதிதாக வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். லாரிக்காரனுக்கு லாரிக்காரன் உதவுவான் என்று பெருமையாகப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். எப்படி உதவுவது என்று சொல்லித் தருகிறவர்கள் குறைவு. உதவப் போகிறவர் நசுங்கிப்போனால் அங்கே ஒரு பிரச்சினை இரண்டாகிவிடும். அதனால் மனசைப் பற்றிப் பேசாமல் கைவேலையைப் பற்றிப் பேசுவோம்.

ஓடிக்கொண்டே செய்யும் உதவி

உதவி என்றாலே வண்டியை நிறுத்தி இறங்குவது என்று நினைக்கிறோம். உண்மையில் ஒரு நாளில் நீங்கள் அடுத்தவருக்குச் செய்யும் பெரும்பாலான உதவி கேபினைவிட்டு இறங்காமலே முடிந்துவிடும். அதில் முதலாவது, முந்துகிறவருக்கு வழி விடுவது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். நீங்கள் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். பின்னால் வருகிறவர் 62-ல் உங்களை முந்துகிறார். இரண்டும் 16 மீட்டர் வண்டிகள். வெளியே எடுக்கும்போது 30 மீட்டர், திரும்ப உள்ளே வரும்போது 30 மீட்டர் இடைவெளி என்று வைத்தால், அவர் உங்களைவிட 92 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். மணிக்கு 2 கிலோமீட்டர் வித்தியாசத்தில் அதற்கு 165 நொடி ஆகும். கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் தூரம் அவர் எதிர்த்தடத்திலேயே ஓட வேண்டியிருக்கும். நீங்கள் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து 55-க்கு இறங்கினால் அதே வேலை 47 நொடியில், 800 மீட்டரில் முடிந்துவிடும். உங்களுக்கு நஷ்டம் சில நொடிகள். பிரேக் போடத் தேவையில்லை, காலை எடுத்தால் போதும். பிரேக் போட்டால் உங்களுக்குப் பின்னால் வருகிறவர் குழம்பிப்போவார்.

அப்புறம் விளக்கு. முந்திய வண்டியின் வால் உங்கள் முகப்பைத் தாண்டி, நல்ல இடைவெளியும் கிடைத்துவிட்டது என்று தெரிந்ததும் ஒருமுறை விளக்கால் சைகை கொடுக்கலாம். நீளமான டிரெய்லர் ஓட்டுகிறவருக்குக் கண்ணாடியில் தூரம் கணிப்பது சிரமம், இந்தச் சைகை அவருக்குப் பெரிய உபகாரம். இரவில் பிரைட் அடிக்காதீர்கள். அது அவருடைய இரண்டு பக்கக் கண்ணாடியிலும் பட்டுக் கண்ணைக் கூசும். முகப்பு விளக்கை ஒரு கணம் அணைத்துப் போட்டால் போதும். அவர் நன்றி சொல்ல நினைத்தால் இரண்டு பக்க இண்டிகேட்டரையும் மாற்றி மாற்றி ஒருமுறை தட்டுவார்.

ஆனால் "ரோடு காலி, வா, முந்து" என்று பின்னால் வருகிறவருக்கு ஒருபோதும் சைகை காட்டாதீர்கள். பல அனுபவசாலிகள் இதை உதவி என்று நினைத்துச் செய்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. எதிரே வருவது உங்களுக்குத் தெரியும், சரி. அவர் வண்டியில் எவ்வளவு லோடு, எவ்வளவு வேகம் எடுக்கும் என்பது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் காட்டிய இண்டிகேட்டர் "முந்து" என்கிறதா, "நான் திரும்பப் போகிறேன்" என்கிறதா என்பது அவருக்குத் தெரியாது. விளக்கு அடிப்பதும் அப்படித்தான்: ஓர் ஊரில் அது "நீ போ", இன்னோர் ஊரில் "நான் வருகிறேன், நில்". பிரிட்டனின் சாலை விதிப் புத்தகம், விளக்கு அடிப்பது "நான் இங்கே இருக்கிறேன்" என்று தெரிவிக்க மட்டும்தான் என்று திட்டமாகச் சொல்லிவிடுகிறது. நீங்கள் வேகத்தைக் குறையுங்கள், ஓரமாக ஒதுங்குங்கள், உங்களுக்கு முன்னால் இடம் விடுங்கள். முந்துவதா வேண்டாமா என்பதை அவரே பார்த்து முடிவு செய்யட்டும்.

மூன்றாவது, அடுத்தவர் வண்டியில் அவருக்குத் தெரியாததைச் சொல்வது. படுதா அவிழ்ந்து பறக்கிறது, கயிறு தரையில் இழுபடுகிறது, பின் விளக்கு எரியவில்லை, சக்கரத்தில் புகை வருகிறது. இவை எதுவும் ஸ்டியரிங்கில் இருப்பவருக்குத் தெரியாது. இதில் மோசமானது ஜோடி டயரில் உள்டயர் காற்று இறங்குவது. வெளிடயர் மொத்த எடையையும் தாங்கிக்கொண்டு ஓடும். டிரைவருக்கு வித்தியாசமே தெரியாது. கொஞ்ச தூரத்தில் அதுவும் சூடாகி வெடிக்கும். இப்படிப் பார்த்தால் பின்னாலிருந்து விளக்கு அடித்து, அவர் கண்ணாடியில் பார்த்ததும் கையை மேலும் கீழும் அசைத்து "மெதுவாக ஓரங்கட்டு" என்று காட்டுங்கள். பக்கத்தில் ஒட்டி ஓட்டிக்கொண்டே கத்திப் பேசுவது வேண்டாம். அவர் திடீரென்று ஒடித்தால் இரண்டு பேருக்கும் இடமில்லை.

ஒருவருக்கொருவர் செய்தி சொல்லிக்கொள்வது லாரி ஓட்டுநர்களுக்குப் பழைய பழக்கம். 1973 எண்ணெய் நெருக்கடியின்போது அமெரிக்காவில் டீசல் எங்கே கிடைக்கும், போலீஸ் எங்கே நிற்கிறது என்பதையெல்லாம் சிபி ரேடியோவில்தான் பரிமாறிக்கொண்டார்கள். சிபி என்பது வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் குறுந்தூர ரேடியோ. அங்கே அதன் 19-ஆம் சேனல் இன்றும் லாரிக்காரர்களின் சேனல். இன்று அந்த வேலையை வாட்ஸ்அப் குழுக்கள் செய்கின்றன. எதில் சொன்னாலும் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: எந்த ரோடு, எந்தத் திசை, எந்தக் கிலோமீட்டர் கல். "முன்னாடி ஆக்சிடென்ட், பாத்து வாங்க" என்ற செய்தியால் யாருக்கும் பயனில்லை. அதையும் ஓட்டிக்கொண்டே டைப் செய்யாதீர்கள்.

ரிவர்ஸ் பார்ப்பது

குடோனிலும் நெரிசலான இடத்திலும் அடிக்கடி கேட்கப்படும் உதவி இது. "கொஞ்சம் பின்னால பாருங்க தம்பி" என்பார்கள். எளிதாகத் தெரியும். ஆனால் பின்னால் பார்க்கப் போனவர் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது இந்தத் தொழிலில் புதிதல்ல.

வண்டி நகர்வதற்கு முன்பே டிரைவரிடம் போய், எங்கே போக வேண்டும், எந்தச் சைகைக்கு என்ன பொருள் என்று பேசிக்கொள்ளுங்கள். முக்கியமாக "நில்" என்பதற்கு: இரண்டு கையையும் உயர்த்தினால் நில். நீங்கள் நிற்கும் இடம் அவருடைய கண்ணாடிக்குள் இருக்க வேண்டும். அவர் முகம் கண்ணாடியில் உங்களுக்குத் தெரிந்தால் நீங்களும் அவருக்குத் தெரிகிறீர்கள். வண்டிக்கு நேர் பின்னால் நிற்கவே கூடாது. ஒருவர்தான் சைகை காட்ட வேண்டும். சுற்றி நிற்கும் நாலு பேரும் "வா வா" என்று கத்தினால், அவர்களை அமைதியாக்குவதும் உங்கள் வேலைதான். நீங்களே ரிவர்ஸ் எடுக்கும்போது உதவியாளர் கண்ணாடியிலிருந்து மறைந்துவிட்டால் அந்த நொடியே நிறுத்துங்கள். அவர் மறுபடி தெரியும்வரை அங்குலம்கூட நகராதீர்கள்.

தூங்கி வழிகிறவர்

முன்னால் போகும் வண்டி கோட்டைத் தொட்டுத் தொட்டுத் திரும்புகிறது. வேகம் காரணமில்லாமல் ஏறி இறங்குகிறது. வளைவில் தாமதமாகத் திருப்புகிறார். குடித்திருக்கலாம், தூக்கமாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. 1997-ல் வெளியான ஓர் ஆய்வில், தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை, கண் ஒருங்கிணைப்பு, இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுவதைக் காட்டினார்கள்.

அவரை முந்தப் பார்க்காதீர்கள், பக்கத்தில் போகாதீர்கள். நல்ல இடைவெளி விட்டுப் பின்னாலிருந்து குட்டிக் குட்டியாக ஹார்ன் அடியுங்கள். நீளமாக அடித்தால் திடுக்கிட்டு ஸ்டியரிங்கை வெட்டிவிடுவார். அவர் நிறுத்தினால் நீங்களும் நிறுத்திப் பேசுங்கள். அறிவுரை வேண்டாம். "அண்ணே, நானும் இங்க கொஞ்சம் கண்ண மூடப் போறேன், இருபது நிமிஷத்துல எழுப்பி விடறேன்" என்றால் பெரும்பாலும் கேட்பார்கள். பதினைந்து, இருபது நிமிடத் தூக்கம் நிஜமாகவே உதவும். எழுந்த உடனே ஓட்டக்கூடாது. தெளிவு வர இன்னும் சில நிமிடம் ஆகும். அவர் நிறுத்தாமலே போனால், வண்டி எண்ணையும் இடத்தையும் குறித்துக்கொண்டு, நீங்கள் ஓரங்கட்டிவிட்டுப் போலீஸைக் கூப்பிடுங்கள். இது காட்டிக்கொடுப்பதல்ல.

நிற்பதா, வேண்டாமா?

சரி, இப்போது ரோட்டோரத்தில் நிற்கும் வண்டிக்கு வருவோம். உங்கள் வண்டி முழுவதும் ரோட்டைவிட்டு இறங்கி நிற்க இடம் இருந்தால் மட்டும் நிறுத்துங்கள். வளைவு, பாலம், சுரங்கப்பாதை, மேட்டின் உச்சி இங்கெல்லாம் நிற்காதீர்கள். தாண்டிப் போய்ப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி அவசர எண்ணுக்குச் சொல்லுங்கள். அதுவும் உதவிதான், பல நேரம் அதுதான் சரியான உதவி. இந்தியா, ஐரோப்பிய நாடுகள் உட்படப் பல இடங்களில் அந்த எண் 112.

வழிப்பறி பயமும் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. இரவில், தனியான இடத்தில், கேட்கிறவர் சொல்வதும் வண்டியின் நிலையும் பொருந்தவில்லை என்று தோன்றினால் கதவைத் திறக்க வேண்டாம். கண்ணாடியை இரண்டு விரல்கடை இறக்கி, "யாருக்குப் போன் பண்ணணும், சொல்லுங்க, நான் பண்றேன்" என்று கேளுங்கள். உண்மையாகவே மாட்டிக்கொண்டவர் உடனே ஒரு எண் சொல்வார்.

நிறுத்துவது என்று முடிவு செய்தால், அவருடைய வண்டியைத் தாண்டி ஐம்பது மீட்டராவது முன்னால் போடுங்கள். ஹசார்டு விளக்கு, கைப்பிரேக், டயருக்குக் கட்டை. ஒளிரும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, வண்டிகள் ஓடாத பக்கத்துக் கதவு வழியாக இறங்குங்கள். வண்டி நிற்பதைப் பின்னால் வருகிறவர்களுக்குக் காட்டும் எச்சரிக்கை முக்கோணத்தை அவர் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். பெரும்பாலும் வண்டிக்கு அடியிலேயே ஒட்டி வைத்திருப்பார்கள், அல்லது ஒரு மரக்கிளையைச் சாய்த்து வைத்திருப்பார்கள்.

முக்கோணம் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும்? 80 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 22 மீட்டர். பார்த்து, புரிந்து, காலை பிரேக்கில் வைப்பதற்குள் 30 மீட்டர் போய்விடும். அதற்குமேல் காய்ந்த ரோட்டிலேயே லோடு வண்டிக்கு 50, 60 மீட்டர் வேண்டும். தடம் பிரிந்த ஒருவழிச் சாலையில் அமெரிக்க விதி மூன்று எச்சரிக்கைச் சாதனங்களைக் கேட்கிறது: பின்னால் ஏறத்தாழ 3, 30, 60 மீட்டர் தூரங்களில். வேகமான ரோட்டில் கடைசியை நூறு மீட்டருக்குத் தள்ளுவது என் பழக்கம். வளைவு என்றால் தூரத்தை மறந்துவிட்டு, வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே தெரியும்படி வையுங்கள். வைக்கப் போகும்போது வரும் வண்டிகளைப் பார்த்தபடி ரோட்டுக்கு வெளியே நடங்கள். முக்கோணத்தை மடித்துக் கக்கத்தில் வைக்காமல், விரித்து உடம்புக்கு முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் அவரிடம் பேச்சு. "என்ன ஆச்சு அண்ணே? யாருக்காவது சொல்லியாச்சா? என்ன வேணும்?" அது அவர் வண்டி. அதன் கோளாறு அவருக்குத் தெரியும், முதலாளி மெக்கானிக்கை அனுப்பியிருக்கலாம். வந்த வேகத்தில் ஸ்பேனரைக் கையில் எடுக்காதீர்கள். சில நேரம் அவருக்குத் தேவை போனுக்குச் சார்ஜும் குடிக்கத் தண்ணீரும் மட்டும்தான்.

டயர் மாற்றும்போது

அடிக்கடி நடப்பது இதுதான், ஆபத்து அதிகம் இருப்பதும் இதில்தான். லாரி டயரில் சாதாரணமாக 100 முதல் 120 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) காற்று இருக்கும், கார் டயரைப்போல மூன்று மடங்குக்கு மேல். வெடித்தால் பக்கத்தில் இருப்பவரைத் தூக்கி எறியும்.

இடம் சமமாக, கெட்டியாக இருக்க வேண்டும். மாற்றப் போகும் சக்கரத்துக்குக் குறுக்கு எதிரே இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கிக்கு அடியில் தடிமனான பலகை வையுங்கள். மண்ணிலும் வெயிலில் இளகிய தாரிலும் ஜாக்கி புதையும். தூக்குவதற்கு முன்பே நட்டுகளை அரைச் சுற்று இளக்கிவிடுங்கள், அந்தரத்தில் நிற்கும் சக்கரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். பழைய வண்டிகள் சிலவற்றில் ஒரு பக்கத்து நட்டுகள் எதிர்த்திசை மரை கொண்டவை. இரண்டு பேர் ஏறி மிதித்தும் அசையவில்லை என்றால் போல்ட்டின் முனையில் 'எல்' என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அதை நாங்கள் ஒருமுறை பார்க்காமல் இரண்டு போல்ட்டை முறித்தோம்.

டயர் அல்லது ரிம் சேதமாகியிருந்தால், நட்டைக் கழற்றும் முன் வால்வு ஊசியைப் பிடுங்கி மீதிக் காற்றை முழுதும் இறக்குங்கள். ஜோடி டயர் என்றால் இரண்டிலும். வளையம் போட்டுப் பூட்டும் பழைய வகை ரிம்மில் இது கட்டாயம். விரிசல் விட்ட ரிம் நட்டை இளக்கியதும் பிளந்து தெறிக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக்கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்குக் கட்டை அடுக்க வேண்டும்.

இன்னொன்று, பலரும் செய்யும் தவறு. காற்று குறைந்து கொஞ்ச தூரம் ஓடிவிட்ட டயரை, "பஞ்சர் இல்ல, கொஞ்சம் காத்து அடிச்சா போதும்" என்று அப்படியே நிரப்புவது. இருக்க வேண்டிய காற்றில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கி ஓடிய டயரின் பக்கச் சுவருக்குள் இருக்கும் கம்பிகள் மடங்கி மடங்கி அறுந்திருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. காற்று ஏறும்போது ஜிப் பிரிவதுபோல் நீளமாகப் பிளந்து வெடிக்கும். அதைக் கழற்றி ஸ்டெப்னியைப் போடுங்கள். பழைய டயருக்குக் கடையில் கூண்டுக்குள் வைத்துக் காற்றடிப்பார்கள். ரோட்டில் எந்த டயருக்குக் காற்றடித்தாலும் நீளமான ஹோஸ், வால்வில் மாட்டிவிட்டு நீங்கள் தள்ளி நிற்க உதவும் கிளிப், டயரின் பக்கச் சுவருக்கு நேரே நிற்காமல் டயரில் ரோட்டைத் தொடும் பட்டைப் பக்கமாக ஒதுங்கி நிற்பது, இந்த மூன்றும் வேண்டும்.

நட்டை முறுக்கும்போது வட்டமாக வரிசையாகப் போகாமல் எதிரெதிராக முறுக்குங்கள். சக்கரம் தரையில் இறங்கிய பிறகு கடைசி இறுக்கம். ஐம்பது கிலோமீட்டர்போல ஓடியதும் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும் என்று அவருக்கு நினைவுபடுத்துங்கள். புதிதாக மாட்டிய சக்கரம் அமர்ந்துகொள்ளும்போது நட்டு தளரும். சக்கரம் கழன்று ஓடும் விபத்துகளில் இது ஒரு முக்கியக் காரணம்.

"ஏர் பிடிக்கல"

ஏர் பிரேக் வண்டி நடுரோட்டில் கல்லாகச் சமைந்து நிற்பதைப் புதியவர்கள் பார்த்துத் திகைப்பார்கள். காரணம் எளிது. பின் சக்கரங்களில் ஒரு பலமான ஸ்பிரிங் எப்போதும் பிரேக்கைப் பிடிக்கத் தயாராக இருக்கிறது. அதைப் பின்னால் தள்ளி வைத்திருப்பது காற்று. ஹோஸ் வெடித்து, காற்று 20 முதல் 45 பிஎஸ்ஐக்குள் இறங்கினால் ஸ்பிரிங் தானாகப் பிடித்துக்கொள்ளும். இது கோளாறல்ல, பாதுகாப்பு.

முதலில் எங்கே கசிகிறது என்று காதால் தேடுங்கள், பிறகு சோப்புத் தண்ணீர் விடுங்கள். கசிவை அடைத்தும் அவருடைய கம்ப்ரஸர் வேலை செய்யவில்லை என்றால், உங்கள் வண்டியிலிருந்து ஹோஸ் வழியாக அவர் ஏர் டேங்குக்குக் காற்றுக் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்து நகர்த்துவது ரோட்டை அடைத்து நிற்கும் வண்டியை ஓரங்கட்ட மட்டும். அதோடு பயணத்தைத் தொடர விடாதீர்கள்.

காற்றே ஏற்ற முடியாவிட்டால் ஸ்பிரிங்கைப் பின்னால் இழுத்துப் பூட்டும் நீள போல்ட் ஒன்று இருக்கிறது, பல வண்டிகளில் பிரேக் சேம்பரின் (அந்த ஸ்பிரிங் அடங்கியிருக்கும் உருளையின்) பக்கத்திலேயே சொருகியிருக்கும். அதைப் போட்டுப் பழகியவர் இருந்தால் மட்டும் செய்யுங்கள். போட்ட பிறகு அந்த வண்டிக்குக் கைப்பிரேக் என்ற ஒன்று கிடையாது. அதனால் டயருக்குக் கட்டை வைக்காமல் தொடக்கூடாது. சேம்பரைச் சுற்றியுள்ள பட்டையைக் கழற்றிப் பார்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், யார் சொன்னாலும். உள்ளே அடக்கிவைத்த ஸ்பிரிங் வெளியே தெறித்து ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

பேட்டரி, டீசல்

லாரியில் பெரும்பாலும் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடர்ச்சியாக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். உங்களுடையதும் அவருடையதும் ஒரே வோல்ட்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். காரிலிருந்து லாரிக்கோ, லாரியிலிருந்து சின்ன வண்டிக்கோ அப்படியே கொடுத்தால் எலெக்ட்ரானிக் பெட்டி புகைந்துவிடும். இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கக்கூடாது. சிவப்பு வயரை முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். கறுப்பு வயரை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, மறுமுனையைப் பேட்டரியிலிருந்து தள்ளி, பெயின்ட் இல்லாத சேஸிஸ் இரும்பில் மாட்டுங்கள். கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு தீப்பிடிக்கும். கழற்றும்போது தலைகீழ் வரிசை.

டீசல் தீர்ந்தவருக்கு டீசல் கொடுத்தால் மட்டும் போதாது. குழாயில் காற்று புகுந்திருக்கும், கைப்பம்பை அடித்துக் காற்றை எடுக்க வேண்டும். வாயால் உறிஞ்சி எடுக்காதீர்கள், நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான்.

கட்டி இழுப்பது

முடிந்தவரை செய்யாதீர்கள். ரோட்டை அடைத்து நிற்கும் வண்டியைச் சில நூறு மீட்டர் நகர்த்துவது வேறு, பக்கத்து ஊர்வரை இழுத்துப் போவது வேறு. என்ஜின் ஓடாத வண்டியில் பவர் ஸ்டியரிங் இல்லை, காற்றும் தீர்ந்துபோகும். பின் சக்கரம் சுற்றினால் கியர்பாக்ஸின் உள்பாகங்களும் சுற்றும், ஆனால் என்ஜின் ஓடாததால் பல கியர்பாக்ஸ்களில் எண்ணெய்ப் பம்பு வேலை செய்யாது. அதனால்தான் தூரம் இழுக்க கியர்பாக்ஸையும் பின் சக்கரங்களையும் இணைக்கும் ஜாயின்ட் ஷாஃப்டைக் கழற்றச் சொல்கிறார்கள். அதைச் செய்யாமல் இழுத்து, சின்னக் கோளாறைப் பெரிய கோளாறாக்கிக் கொடுத்த 'உதவிகளை' நான் பார்த்திருக்கிறேன்.

இழுத்தே ஆக வேண்டும் என்றால் கயிற்றைவிட வளையாத இரும்புத் தண்டு மேல். இழுக்கும் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். பம்பரிலோ ஆக்சிலிலோ வேண்டாம். சேற்றில் புதைந்த வண்டியானால் முதலில் டயருக்கு முன்னால் தோண்டிக் கல்லோ பலகையோ போடுங்கள், பாதி நேரம் அதிலேயே வெளியே வந்துவிடும். கயிறு விறைக்கும்போது அதன் நீளத்துக்குள் ஒருவரும் நிற்கக்கூடாது. அறுந்த கயிறு எந்தப் பக்கம் வீசும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சூடு, புகை, தீ

நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தே வந்தவருக்கு ஒரு கட்டத்தில் பிரேக் பிடிக்காது. சக்கரத்தில் புகையோடு கருகல் வாடை வந்தால் அதுதான் அறிகுறி. வண்டி நின்றதும் டயருக்குக் கட்டை கொடுங்கள். சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் டிரம் மேல் தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள், வெடிப்பு விழும். அந்தச் சூட்டில் டயர் சற்று நேரம் கழித்துக்கூட வெடிக்கலாம், எனவே தள்ளி நின்றே காத்திருங்கள். அரை மணியோ ஒரு மணியோ, தானாக ஆறட்டும். ரேடியேட்டர் கொதித்தாலும் இதே பொறுமைதான். சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

டயரே எரிய ஆரம்பித்தால் கையில் இருக்கும் தீயணைப்பான் சுவாலையை அடக்கும், ஆனால் ரப்பர் உள்ளுக்குள் கனன்று மறுபடி பற்றும். அதை முழுமையாக அணைக்க நிறையத் தண்ணீர் வேண்டும். அந்த ஒரு நிமிட இடைவெளியில் டிரைவரை இறக்குங்கள், தீயணைப்புப் படையைக் கூப்பிடுங்கள், விலகிப் போங்கள்.

டேங்கர் லாரி என்றால் முதலில் எண்ணைப் பாருங்கள். அபாயச் சரக்கு ஏற்றிய வண்டியின் பலகையில் நான்கு இலக்க ஐ.நா. எண் இருக்கும்: 1203 பெட்ரோல், 1202 டீசல், 1075 எல்பிஜி, 1005 அம்மோனியா. அதைத் தூரத்திலிருந்தே படித்துத் தீயணைப்புப் படையிடம் போனில் சொல்லுங்கள். வந்து சேரும் முன்பே அவர்கள் என்ன கொண்டுவர வேண்டும் என்பதை அது தீர்மானிக்கும். காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாகவே நில்லுங்கள். என்ஜினை அணைத்துவிட்டு, அங்கே பீடி பற்றவைக்கிற ஆளையும் அப்புறப்படுத்துங்கள்.

விபத்தில் அடிபட்டவர் இருந்தால், தீயோ வேறு உடனடி ஆபத்தோ இல்லாதவரை அவரை இழுக்கவோ தூக்கவோ வேண்டாம். இரத்தம் கொட்டும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருவர் அவரோடு பேசிக்கொண்டே இருக்கட்டும், இன்னொருவர் பின்னால் போய் வரும் வண்டிகளை எச்சரிக்கட்டும்.

கையோடு வைத்திருக்க வேண்டியவை

நான் சொல்வதில் பாதிக்கு மேல் சாமான் இல்லாமல் செய்ய முடியாது. ஒளிரும் ஜாக்கெட் இரண்டு (ஒன்று அவருக்கு), முக்கோணம் மூன்று, தலையில் மாட்டும் டார்ச், டயர்க் கட்டை நாலு, தடித்த பலகை, ஏர் ஹோஸ், கையுறை, கொஞ்சம் ஃபியூஸும் பல்பும், கட்டுக்கம்பி. கொடுத்த ஸ்பேனர் திரும்பி வருமா என்று யோசித்துக்கொண்டு கொடுக்காதீர்கள். வரும், சில நேரம் வராது. பணம் கேட்க வேண்டாம். அவர் வற்புறுத்திக் கொடுத்தாலும் டீசலுக்கு மட்டும் ஈடு வாங்கிக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது

வேலை முடிந்ததும் முக்கோணத்தைத்தான் முதலில் எடுக்கத் தோன்றும். அதைக் கடைசியில் எடுங்கள். அவர் என்ஜினை ஓடவிட்டு, காற்று 100 பிஎஸ்ஐ தாண்டுகிறதா, பிரேக் பிடித்து விடுகிறதா என்று பார்க்கட்டும். அவர் ஏறி உட்கார்ந்து விளக்கெல்லாம் போட்ட பிறகு, வரும் வண்டிகளைப் பார்த்தபடி போய் முக்கோணங்களை எடுத்து வாருங்கள். அவர் ரோட்டில் ஏறிச் சீராக வேகம் எடுப்பதைப் பார்த்துவிட்டு உங்கள் வண்டிக்கு வாருங்கள். ஏறும் முன் உங்கள் வண்டியையும் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள், இவ்வளவு நேரம் அது தனியாக நின்றிருக்கிறது. டயருக்கு வைத்த கட்டையை எடுத்து உள்ளே போட்டுக்கொள்ளுங்கள். அவசரத்தில் அப்படியே விட்டுவிட்டு வந்து இதுவரை நான் ஐந்து கட்டைகளைத் தொலைத்திருக்கிறேன்.